கிட்டியும் கிஸ்தியும்: 1855ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை – ஒரு நிகழ்வு ஆய்வு

கிட்டி என்பது ஒரு முனையில் சேர்த்துக் கட்டப்பட்ட இரண்டு குச்சிகள்தாம். கட்டாத முனையை விரித்து நடுவே ஒருவருடைய விரல்களை வைத்து, பிறகு இரு குச்சிகளையும் சேர்த்து அழுத்துவார்கள். அழுத்தம் கூடக்கூட வலி கூடும். அழுத்துபவர் விரும்பும் இடத்தில் நிறுத்தலாம், மறுபடி தொடங்கலாம். இதைச் செய்யக் கொல்லரும் வேண்டாம், செலவும் இல்லை. வேலை முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டால் மிஞ்சுவது வேலியோரத்தில் கிடக்கும் இரண்டு குச்சிகள் மட்டுமே. எலுமிச்சம்பழம் பிழியும் கருவியைப் போன்றது என்று இதை விவரித்த ஓர் அரசு அறிக்கை, அந்தப் பெயரையும் மொழிபெயர்க்காமல் அப்படியே ஆங்கில எழுத்தில் பதிவு செய்தது. 'கிட்டி கட்டி வாங்குவது', 'கிட்டி போட்டு நெருக்குவது' என்று தமிழில் வழங்கிய சொற்கள் வெறும் உவமையாகப் பிறந்தவை அல்ல என்பதை அந்த அறிக்கையைப் படிக்கும்போது உணர முடிகிறது.

1854 செப்டம்பரில் சென்னை அரசு நியமித்த மூவர் குழு, 1855 ஏப்ரல் 16 அன்று அந்த அறிக்கையை அளித்தது. குழுவின் முன் வந்த புகார்கள் 1,959. அவற்றுள் 519 நேரில் வந்து சொல்லப்பட்டவை. 1,440 கடிதமாக எழுதி அனுப்பப்பட்டவை. நில வரி வசூலிலும் குற்றப் புலனாய்விலும் சித்திரவதை மாகாணம் முழுவதும் வழக்கமாகக் கையாளப்படுகிறது என்பதைக் குழு ஒப்புக்கொண்டது. இன்று காவல் நிலையம், ஆய்வாளர், மாவட்டக் கண்காணிப்பாளர், தலைமை இயக்குநர் என்று நாம் காணும் அடுக்கு, தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, இந்த விசாரணைக்குப் பிறகு வந்த 1859ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர்கொண்டது. ஆகவே இதைப் பழங்கதையாகப் படித்துக் கடந்துவிட முடியாது. குழு எதைச் சரியாகக் கண்டது, எதைக் கண்டும் பெயர் சொல்லாமல் விட்டது, அந்த விடுபடல் புதிய காவல் துறைக்குள் எவ்வாறு நுழைந்தது என்ற மூன்று கேள்விகளை முன்வைத்து இந்நிகழ்வை ஆராய்கிறேன்.

ஒரே கையில் இரண்டு அதிகாரங்கள்

ஆங்கிலேயர் வருமுன் தமிழ் நாட்டின் தென்பகுதிகளில் காவல் என்பது உரிமையும் கடமையும் கலந்த ஒரு முறையாக இருந்தது. ஊர்க் காவலுக்குத் தலையாரியும் காவல்காரரும் இருந்தனர். பெரும் பரப்புகளில் பாளையக்காரர்கள் தேசகாவல் என்ற பெயரில் வரி வாங்கிக்கொண்டு பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றனர். களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லையேல் ஈடு செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. இம்முறையிலும் கொடுமைகள் இருந்தன; அதைப் பொற்காலமாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1799 முதல் 1801 வரை நடந்த பாளையக்காரர் போர்களுக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி அந்த உரிமைகளைப் பறித்து, வங்காளத்தில் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் ஏற்படுத்தியிருந்த தாரோகா (அரசு நியமிக்கும் காவல் அதிகாரி) முறையை 1802இல் இங்கும் புகுத்தியது. சம்பளம் வாங்கும் தாரோகாவுக்கு ஊர் தெரியாது, ஊருக்கு அவரைப் பிடிக்காது. முறை சில ஆண்டுகளிலேயே தோற்றது.

அதன் பின்னர் வந்தது தாமஸ் மன்றோவின் மாற்றம். நீதித் துறைச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக 1814இல் சென்னைக்குத் திரும்பிய மன்றோ, ஊரை அறிந்தவர்களிடமே காவலை ஒப்படைக்க வேண்டும் என்று வாதிட்டார். அதன் விளைவாக 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி தாரோகாக்களை நீக்கி, ஊர் மணியக்காரரை ஊர்க் காவலின் தலைவராகவும், தாசில்தாரைத் தாலுகாக் காவலின் தலைவராகவும் ஆக்கியது. மாவட்டத்தில் கலெக்டரே மாஜிஸ்திரேட்டும் ஆனார். சிக்கனமும் உள்ளூர் அறிவும் இதன் நியாயங்கள். மன்றோவின் நோக்கத்தில் எனக்கு ஐயம் இல்லை. குடியானவர்களின் மீது அவர் கொண்ட அக்கறை அவருடைய எழுத்துகளில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஒழுங்குவிதி உருவாக்கிய அமைப்பைக் குடியானவரின் இடத்திலிருந்து பார்த்தால் வேறொரு காட்சி தெரியும்.

கிஸ்தி, அதாவது நில வரித் தவணை, கேட்டு வருபவர் தாசில்தாரின் சேவகர். கிஸ்தி கட்டாதவரைப் பிடித்துக் கச்சேரியில் உட்கார வைப்பவரும் அதே சேவகர். அடித்தார் என்று புகார் சொல்லப் போனால் அதைக் கேட்க வேண்டிய காவல் தலைவர் தாசில்தார். அவருக்கும் மேலே முறையிடலாம் என்றால், வரி பாக்கி இல்லாமல் வசூலாக வேண்டும் என்று தாசில்தாரை நெருக்கும் கலெக்டரே மாஜிஸ்திரேட். குற்ற வழக்கிலும் இதே நிலைதான்: சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவரின் வாக்குமூலத்தை எழுதி வாங்கியதும் தாசில்தாரின் கச்சேரி. இந்த ஒழுங்குவிதி சிறு குற்றங்களுக்கு ஊர்த் தலைவரே தண்டனை தர இடம் அளித்தது. சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். 'தாழ்ந்த' சாதியினர் என்றால் 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். ஒரே குற்றத்துக்கு ஒருவர் சாவடிக்குள் உட்கார்ந்திருக்க, மற்றொருவர் ஊர் பார்க்கக் காலை மரத்தில் மாட்டிக்கொண்டு கிடக்க வேண்டும் என்று சட்டமே சாதி பார்த்து எழுதியதை வேதனையோடுதான் இங்கே குறிக்க வேண்டியிருக்கிறது. உடலை வதைப்பதும் மானத்தை வதைப்பதும் அந்த அமைப்பில் சட்டத்துக்கு வெளியே மட்டும் இருந்தவை அல்ல.

ரயத்துவாரி முறையின் இயல்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜமீன்தாரி முறையில் அரசு வரியை ஜமீன்தாரிடம் வாங்கியது. ரயத்துவாரியில் ஒவ்வொரு குடியானவரும் அரசுக்கு நேரடிக் கடன்காரர். வரி விகிதம் உயரமாக வைக்கப்பட்டது. விளையாத ஆண்டில் ஜமாபந்தி எனப்படும் ஆண்டு வரிக் கணக்குத் தீர்வின்போது தள்ளுபடி கேட்டுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கொடுக்க முடியாத அளவு வரியை எழுதிவைத்து, அதில் எவ்வளவு தள்ளலாம் என்பதை அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால், ஆண்டுதோறும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பேரம் நடக்கும். கிட்டி அந்தப் பேரத்தின் கருவியாக இருந்தது.

பிராட்வேயிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை

இந்தக் கொடுமைகள் கம்பெனிக்குத் தெரியாதவை அல்ல. ஆயினும் அவை தனித்தனிச் சம்பவங்களாகவே கோப்புகளில் ஒதுங்கின. அவற்றை ஒரு முறைகேடாக, மாகாணம் தழுவிய நடைமுறையாக எடுத்துச் சொன்னவர்களுள் முதன்மையானவர் சென்னை வணிகர் காஜுலு லட்சுமிநரசு செட்டியார். அவுரியும் துணியும் விற்றுச் சேர்த்த பணத்தை அவர் 1844இல் தொடங்கிய 'கிரசென்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையிலும் 1852இல் நிறுவிய சென்னை சுதேசிகள் சங்கத்திலும் செலவிட்டார். கம்பெனியின் உரிமைச் சாசனம் 1853இல் புதுப்பிக்கப்பட இருந்த வேளையில், வரிச் சுமையையும் வசூல் கொடுமையையும் விவரித்து அச்சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பியது.

1853இன் பிற்பகுதியில் நாடாளுமன்ற உறுப்பினர் டேன்பி சீமோர் சென்னைக்கு வந்தபோது, லட்சுமிநரசு செட்டியார் அவரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று குடியானவர்களிடமே நிலைமையைக் கேட்கச் செய்தார். சென்னையிலிருந்து போகும் விண்ணப்பங்களைக் காட்டிலும், ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் தம் காதால் கேட்டதைச் சபையில் சொல்வதற்கு வலு அதிகம் என்பதை அந்த வணிகர் நன்கு அறிந்திருந்தார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் இது விவாதமானது. அரசுத் தரப்பில் வியப்பும் மறுப்பும் எழுந்தன. இந்தியாவில் பல்லாண்டு பணிபுரிந்து திரும்பியவர்கள் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றனர். விசாரிப்போம் என்ற உறுதிமொழியோடு விவாதம் முடிந்தது. இரண்டே மாதங்களில் சென்னையில் குழு அமைந்தது. ஆளுநர் ஹாரிஸ் பிரபு அப்போதுதான் பதவியேற்றிருந்தார்.

குழுவும் அதன் வேலையும்

குழுவில் மூவர் இருந்தனர். தலைமையில் இருந்த இ. எஃப். எலியட் சென்னை நகரத்தின் தலைமை மாஜிஸ்திரேட்டாகவும் காவல் கண்காணிப்பாளராகவும் இருந்தவர். பெசன்ட் நகரில் மாலை நேரங்களில் கூட்டம் கூடும் எலியட்ஸ் கடற்கரை அவர் பெயரால் வழங்குவது. ஹெச். ஸ்டோக்ஸ் சிவில் பணி அதிகாரி. ஜான் புரூஸ் நார்ட்டன் வழக்கறிஞர். கம்பெனி ஆட்சியின் நிர்வாகத்தை வெளிப்படையாகக் கண்டித்து எழுதியவர். மூவரில் ஒரு இந்தியர்கூட இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் இந்தக் குழு அரசுக்குச் சாதகமாக முடித்துவிடவே அமைக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. வரி வசூலில் நடக்கும் சித்திரவதையை மட்டும் விசாரிக்கவே முதலில் பணிக்கப்பட்டிருந்த நிலையில், குற்ற வழக்குகளில் வாக்குமூலம் பெறுவதற்காகச் செய்யப்படும் சித்திரவதையையும் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டுப் பெற்றது குழுவேதான். அந்த ஒரு விரிவாக்கம் இல்லாமல் போயிருந்தால் இன்று நாம் பேசும் காவல் சீர்திருத்தமே வேறு பாதையில் சென்றிருக்கும்.

குழு சென்னையில் அமர்ந்து விசாரித்தது. மாவட்டங்களில் அறிவிப்புகள் விடப்பட்டன. கலெக்டர்கள், நீதிபதிகள், மருத்துவர்கள், பாதிரியார்கள் முதலியோருக்குக் கேள்விகள் அனுப்பப்பட்டன. ரயில் பாதை இன்னும் திறக்கப்படாத காலம் அது. கிருஷ்ணா கரையிலிருந்தோ தாமிரபரணிக் கரையிலிருந்தோ சென்னைக்கு வர நினைத்த ஒரு குடியானவர், வயலையும் மாட்டையும் விட்டுவிட்டு, தாம் யாரைக் குற்றம் சாட்டப் போகிறாரோ அந்தச் சேவகர்களின் கண்ணெதிரே ஊரை விட்டுப் புறப்பட வேண்டும். திரும்பியதும் அதே தாசில்தாரிடம்தான் பட்டாவுக்கு நிற்க வேண்டும். இவ்வளவையும் மீறி 519 பேரின் புகார்கள் நேரில் வந்து சேர்ந்தன. எண்ணிக்கையை வைத்துக் கொடுமையின் அளவைக் கணக்கிட முயல்பவர்கள், வர முடியாதவர்களின் நிலையையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டு சாட்சியங்கள்

அறிக்கையோடு இணைக்கப்பட்ட வாக்குமூலங்களே இந்நிகழ்வின் உயிர் என்று கருதுகிறேன். இரண்டை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

ஒரு குடியானவர் சொன்னது இது. நன்செய் விளையாமல் போனதால் அவருடைய ஊரார் வழக்கம்போல் வரி கட்ட முடியவில்லை. ஜமாபந்தி நடந்தபோது, 1837இல் அப்போதைய கலெக்டரோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி நட்டத்துக்குத் தள்ளுபடி கேட்டனர். கிடைக்கவில்லை, எனவே பட்டா வாங்க மறுத்தனர். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை தாசில்தார் அவர்களை நெருக்கினார். சேவகர்கள் தம்மை வெயிலுக்குக் கொண்டுபோய், குனிய வைத்து, முதுகில் கற்களை ஏற்றி, சுடுமணலில் நிறுத்தினர் என்றும், இரவு 8 மணிக்குப் பிறகே சோற்றுக்குப் போக விட்டனர் என்றும் அவர் கூறினார். மூன்று மாதம் இது தொடர்ந்தது. இடையிடையே மனு எழுதிக்கொண்டு கலெக்டரிடம் சென்றார். கலெக்டர் வாங்க மறுத்தார். அந்த மனுக்களை எடுத்துக்கொண்டு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டு அவற்றைக் கலெக்டருக்கே அனுப்பி வைத்தது. செப்டம்பரில் நோட்டீசு வந்தது. 25 நாள் கழித்துச் சொத்து ஜப்தியாகி விற்கப்பட்டது. பெண்களையும் விடவில்லை என்றும், அவர்களுடைய மார்பில் கிட்டி வைக்கப்பட்டது என்றும் அவர் தம் வாக்குமூலத்தை முடித்தார்.

இதில் வதையின் கொடூரத்துக்கு இணையாக என்னை நிறுத்துவது மனுவின் பயணம். குடியானவர் சட்டம் அறிந்தவராகவே நடந்துகொண்டிருக்கிறார்: ஒப்பந்தத்தைச் சுட்டிக்காட்டுகிறார், தள்ளுபடி கேட்கிறார், மனு கொடுக்கிறார், மேல் கோர்ட்டுக்குப் போகிறார். ஒவ்வொரு படியிலும் அந்தக் காகிதம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. கலெக்டரும் மாஜிஸ்திரேட்டும் ஒருவராகவே இருக்கும் அமைப்பில் அது வேறெங்கும் போய்ச் சேர வழி இல்லை.

இரண்டாவது சாட்சியம் ஒரு பிராமணருடையது. கொள்ளிடம் பாலத்தின் வேலைக்காகப் பலகை, கரி, விறகு ஆகியவற்றை விலையின்றித் தர வேண்டும் என்று தாசில்தாரும் மற்றவர்களும் அவரை வற்புறுத்தினர். மறுத்தபோது 12 பேர் அவரைப் பிடித்துப் பலவாறு துன்புறுத்தினர். சப் கலெக்டரிடம் புகார் எழுதிக் கொடுத்தார். சப் கலெக்டர் விசாரணை எதுவும் செய்யாமல் புகாரைக் கிழித்துப் போட்டார். ஏழைகளின் செலவில் பாலத்தை மலிவாக முடித்து அரசிடம் நல்ல பெயர் வாங்க அந்த அதிகாரி விரும்புகிறார், அதனால் தாசில்தார் கொலையே செய்தாலும் அவர் கண்டுகொள்ள மாட்டார் என்று அந்தப் பிராமணர் குழுவிடம் கூறினார். நான் படித்தவரையில், மாகாணத்தின் நிலையை இவ்வளவு தெளிவாக வேறு எவரும் சொல்லவில்லை. அடிப்பவரை மட்டும் அவர் பார்க்கவில்லை. அடிக்க வைக்கும் நோக்கம் எங்கே இருக்கிறது என்றும், அதனால் யாருக்கு எந்த நன்மை என்றும் காரணத்தோடு காட்டினார்.

வதைகளின் பட்டியலும் அதன் உட்பொருளும்

குழு தொகுத்த முறைகள் நீண்டவை. வெயிலில் நிறுத்துதல், சோற்றுக்கும் இயற்கைக் கடன்களுக்கும் போக விடாமல் தடுத்தல், மாடுகளை மேய்ச்சலுக்கு விடாமல் வீட்டுக்குள் அடைத்து வைத்தல், பாக்கிக்காரர் வீட்டில் ஒரு சேவகரைக் குடியமர்த்தி அவருக்கான படியையும் அந்த வீட்டாரையே கொடுக்கச் செய்தல், முழங்கால் மடிப்பில் செங்கல்லை வைத்து உட்கார வைத்தல், இருவர் குடுமியைச் சேர்த்து முடிச்சிடுதல், தலைமயிரைக் கழுதையின் அல்லது எருமையின் வாலோடு கட்டுதல், எலும்பு மாலை போடுதல் எனப் பட்டியல் நீள்கிறது. அண்ணாந்தாள் என்று பெயர் கொண்ட வதையில், கழுத்தில் கயிற்றையோ துணியையோ மாட்டித் தலையைக் கால் விரல்களை நோக்கி இழுத்துக் கட்டி அப்படியே நிறுத்திவிடுவார்கள். இதே பெயரில் ஒரு தண்டனை திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் வழங்கியது. குற்ற வழக்குகளில் கொடுமை இன்னும் ஒரு படி மேலே போனது: கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுதல், கொப்பூழின் மேல் கடிக்கும் பூச்சியை விட்டு மூடிக் கட்டுதல் போன்றவை பதிவாகியுள்ளன.

இப்பட்டியலில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஒரு தன்மை உண்டு. மருத்துவரிடம் காட்டத்தக்க காயத்தை அவை விட்டுச்செல்வதில்லை. வெயிலுக்கு வடு இல்லை, பட்டினிக்கும் இல்லை. அவிழ்த்த குடுமியில் எந்த அடையாளமும் இராது. மாவட்டத்தின் ஐரோப்பிய அதிகாரிகள் பலர் தாங்கள் நேரில் கண்டதில்லை என்று எழுதியதற்கு இது ஒரு காரணம். வதைத்தவர்கள் சாட்சியம் மிஞ்சாத முறைகளைத் தேர்ந்து பழகியிருந்தார்கள். வேறு சில முறைகள் வலியைவிட மானத்தையே குறிவைத்தன. எருமை வாலில் தலைமயிரைக் கட்டப்பட்டவர் மறுநாள் ஊரில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார், எந்த முகத்தோடு சென்னைக்குப் போய் அதை வெள்ளைக்காரத் துரைகளின் முன் விவரிப்பார்? சொல்லக் கூசும்படி வதைத்தால் புகாரும் குறையும். பெண்களின் சாட்சியங்கள் மிகக் குறைவாக வந்ததையும் இந்த ஒளியில்தான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

தொகைகளும் கவனத்துக்குரியவை. பல புகார்களில் கேட்கப்பட்ட பாக்கி சில ரூபாய்கள், சில நேரம் அணாக்கள். அவ்வளவு சிறிய தொகைக்கு அவ்வளவு கொடுமையா என்று இன்று தோன்றலாம். ஆனால் சிறிய தொகைக்கு வழக்குத் தொடுப்பதோ சொத்தை ஜப்தி செய்வதோ நிர்வாகத்துக்குக் கட்டுபடியாகாது. கிட்டிக்கோ வெயிலுக்கோ செலவே இல்லை. சட்டப்படியான வசூல் முறை மெதுவாகவும் செலவு மிக்கதாகவும் இருந்த ஒவ்வோர் இடத்திலும் சட்டத்துக்குப் புறம்பான முறை அந்த இடைவெளியை நிரப்பியது.

குழு சொன்ன முடிவும் சொல்லாத முடிவும்

சித்திரவதை உண்மை என்று குழு உறுதி செய்தது. காவல் அமைப்பைப் பற்றி அது திரட்டிய கருத்துகள் மிகக் கடுமையானவை: காவலர்களைக் கண்டு நல்லவர்களே நடுங்குகின்றனர், திருடர்கள் அஞ்சுவதில்லை என்ற பொருளில் எழுதப்பட்டவை அவற்றுள் உண்டு. வரி அதிகாரத்தையும் காவல் அதிகாரத்தையும் பிரிக்க வேண்டும், காவலுக்குத் தனித் தலைமை வேண்டும் என்ற பரிந்துரையும் அதிலிருந்து பிறந்தது. இவையெல்லாம் குழுவின் பெருமைக்குரியவை.

ஆனால் பொறுப்பு யாருடையது என்ற இடத்தில் குழு திசை மாறியது. மக்கள் தங்கள் சொந்த நாட்டவரின் கொடுமையிலிருந்து காப்பாற்றுமாறுதான் கேட்கிறார்கள், ஐரோப்பிய அதிகாரிகளின் அன்பின்மையையோ அலட்சியத்தையோ பற்றி அல்ல என்று அது எழுதியது. இதே அறிக்கையின் பின்னிணைப்பில்தான் கலெக்டர் மனு வாங்க மறுத்ததும் சப் கலெக்டர் புகாரைக் கிழித்ததும் அச்சாகியிருந்தன. சாட்சியமும் முடிவும் ஒரே நூலுக்குள் ஒன்றையொன்று மறுக்கின்றன. 1857 செப்டம்பரில் நியூயார்க்கின் ட்ரிப்யூன் நாளேட்டில் கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையை விரிவாக எடுத்துக்காட்டி, வரி வசூலில் சித்திரவதை நிலவுவது ஒப்புக்கொள்ளப்பட்ட விதமே பிரிட்டிஷ் அரசைக் காப்பதற்காக அமைந்தது என்று சுட்டியதும் இதனால்தான். மேலே சொன்ன இரு சாட்சியங்களையும் உலகம் பரவலாக அறிந்தது அக்கட்டுரையின் வழியாகவே.

அடித்த கை உள்ளூர்க் கை என்பது உண்மை. அதை மறைத்து எழுதுவது வதைபட்டவர்களுக்குச் செய்யும் துரோகம். தாசில்தார்களும் சேவகர்களும் தங்களுக்கென்று பிடுங்கிக்கொண்ட லஞ்சமும் சிறிதன்று. எனினும் வரி விகிதத்தை விதித்தவர் யார், தள்ளுபடியை மறுத்தவர் யார், பாக்கி இல்லாத கணக்கைப் பாராட்டிப் பதவி உயர்வு கொடுத்தவர் யார் என்ற கேள்விகளை எழுப்பாமல் சேவகரோடு பொறுப்பை நிறுத்திக்கொண்டது, பின்னாளில் தீர்வையும் தவறான இடத்தில் தேட வைத்தது. உள்ளூராரின் இயல்பில்தான் கோளாறு என்றால், மேலே ஐரோப்பியரை அமர்த்தினால் போதும் என்ற முடிவு எளிதாக வந்துவிடும். வந்தது.

1859: புதிய காவல் துறை

அறிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையில் 1857 கிளர்ச்சி நிகழ்ந்தது. அது வடக்கே மூண்டதாயினும், படையல்லாத, ஆனால் ஒழுங்கும் அணிவகுப்பும் உடைய ஒரு காவல் படை வேண்டும் என்ற எண்ணத்தை எல்லா மாகாணங்களிலும் வலுப்படுத்தியது. 1843இல் சிந்துவைக் கைப்பற்றிய சார்லஸ் நேப்பியர், அயர்லாந்தின் காவல் படையை மாதிரியாகக் கொண்டு அங்கே அமைத்திருந்த தனிக் காவல் துறை ஏற்கனவே கண்முன் இருந்தது. அயர்லாந்து மாதிரி என்பது அடங்காத குடிகளை ஆள்வதற்காக உருவானது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். குடியானவரைச் சேவகரிடமிருந்து காப்பது என்ற 1855இன் நோக்கமும், அரசைக் குடிகளிடமிருந்து காப்பது என்ற 1857க்குப் பிந்தைய நோக்கமும் ஒரே சட்டத்துக்குள் வந்து சேர்ந்தன.

அதுவே 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம். வருவாய்த் துறையிலிருந்து காவல் பிரிக்கப்பட்டது. மாகாணத்துக்கு ஒரு தலைவர், மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்பாளர், அவர்களுக்குக் கீழே இன்ஸ்பெக்டர்கள், கான்ஸ்டபிள்கள் என்ற அடுக்கு உருவானது. முதல் தலைவராக வில்லியம் ராபின்சன் பொறுப்பேற்றார். 1860இல் அமைந்த அனைத்திந்தியக் காவல் குழு சென்னையின் இந்த ஏற்பாட்டைக் கருத்தில் கொண்டது. அதன் விளைவாக 1861ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் பிற மாகாணங்களுக்கு வந்தது. சென்னை தன் சட்டத்தையே வைத்துக்கொண்டது. தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம், 1859 என்ற பெயரில் விடுதலைக்குப் பின்னும் அது நடைமுறையில் தொடர்ந்தது.

பிரிவினையால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். வரி பாக்கிக்காகக் கிட்டி கட்டுவது அதன்பின் பேசுபொருளாக இல்லாத அளவுக்குக் குறைந்தது. பிற்காலத்தில் நில அளவையும் வரி விகித மாற்றங்களும் இதற்குத் துணை நின்றன. வசூல் செய்பவரிடமிருந்து கைது செய்யும் அதிகாரத்தை எடுத்தது சரியான இடத்தில் வைக்கப்பட்ட கத்தி.

குற்றப் புலனாய்வில் அப்படி நடக்கவில்லை. முன்பு தாசில்தாரின் சேவகர் செய்ததை இப்போது சீருடை அணிந்த காவலர் செய்தார். ஊர் மக்களின் நாவில் 'டாணாக்காரன்' என்ற சொல் அச்சத்தோடு ஒட்டிக்கொண்டது. தலைமைப் பதவிகளுக்கு 1893 முதல் லண்டனில் தேர்வு நடந்தும் அது ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கீழே உழைத்த கான்ஸ்டபிளுக்கோ சம்பளமும் குறைவு, பயிற்சியும் குறைவு. ஆண்ட்ரூ ஃப்ரேசர் தலைமையிலான 1902–03 காவல் ஆணையம், மக்கள் காவல் துறையை ஊழலும் ஒடுக்குமுறையும் உடையதாகவே கருதுகின்றனர் என்று பதிவு செய்தது. 1855இன் குழு எழுதியதற்கும் இதற்கும் இடையே கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

வாக்குமூலத்தின் சட்டம்

சித்திரவதை விசாரணையின் தடம் மிக ஆழமாகப் பதிந்திருப்பது சாட்சியச் சட்டத்தில். 1861ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் இடம்பெற்று, பிறகு 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25, 26ஆம் பிரிவுகளான விதிகள், காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றும், காவலில் இருக்கையில் மாஜிஸ்திரேட்டின் முன்னிலையில் அன்றிக் கொடுத்ததும் செல்லாது என்றும் கூறின. ஓர் அரசு தன் காவல் துறையின் சொல்லைத் தன் நீதிமன்றமே நம்பக் கூடாது என்று எழுதிவைத்தது சாதாரணச் செய்தி அன்று. வாக்குமூலத்துக்கு மதிப்பே இல்லையென்றால் அதை வாங்க வதைப்பதற்கும் காரணம் இராது என்பது அதன் தர்க்கம்.

அதற்கு அடுத்த 27ஆம் பிரிவு ஒரு விலக்கை வைத்தது. காவலில் உள்ளவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய அளவுக்கு அவர் சொன்னதை ஏற்கலாம். பொருள் கிடைத்துவிட்டதால் தகவல் பொய்யாக இருக்க முடியாது என்பது இதன் நியாயம். தகவல் உண்மையா என்பதை அது சோதிக்கிறது. தகவல் எப்படி வாங்கப்பட்டது என்று கேட்பதில்லை. நகையோ அரிவாளோ எங்கே புதைக்கப்பட்டது என்று சொல்ல வைப்பதற்கான தூண்டுதல் அதனால் முழுதாக எஞ்சியது. 2023இன் பாரதிய சாக்ஷ்ய அதினியம் மூன்று பிரிவுகளையும் தன் 23ஆம் பிரிவுக்குள் சேர்த்துக்கொண்டபோதும் இந்த விலக்கு அதில் தொடர்கிறது.

2024 ஜூலையில் நீக்கப்படும் வரை நடைமுறையில் இருந்த 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவையும் இங்கே எடுத்துப் பார்க்க வேண்டும். ஒப்புதல் வாங்குவதற்காக அல்லது பொருளை மீட்பதற்காக ஒருவரைத் துன்புறுத்துவது குற்றம் என்று சொன்ன அப்பிரிவு, விளக்கமாக நான்கு எடுத்துக்காட்டுகளைத் தந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்ய வதைக்கும் காவல் அதிகாரி முதலாவது. திருட்டுப் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டச் செய்ய வதைக்கும் காவல் அதிகாரி இரண்டாவது. வரி பாக்கியைக் கட்டச் செய்ய வதைக்கும் வருவாய் அதிகாரி மூன்றாவது. வாரம் கொடுக்கச் செய்யக் குடியானவரை வதைக்கும் ஜமீன்தார் நான்காவது. 1855இன் குழு கேட்ட புகார்களின் சாரம் முழுவதும் அந்த நான்கு வரிகளில் அடங்கியிருக்கிறது. பின்னிரண்டும் பெரும்பாலும் வரலாறாகிவிட்டன. முதலிரண்டுக்காகத்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டி. கே. பாசு வழக்கில், கைது செய்யும்போது பின்பற்ற வேண்டிய நெறிகளை வகுக்க நேர்ந்தது: கைதுக் குறிப்பு எழுதுவது, உறவினருக்குத் தெரிவிப்பது, 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்வது முதலியன. சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. ஏற்புறுதி இன்னும் அளிக்கப்படவில்லை.

டி. கே. பாசு வழக்கின் மருத்துவப் பரிசோதனை நெறியை 1855இன் வதைப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால், அந்த நெறி எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்று விளங்கும். கிட்டியின் வீக்கத்தை மருத்துவர் எழுதுவார். நாள் முழுதும் வெயிலில் நின்றதையும், சோறு மறுக்கப்பட்டதையும், பிறர் பார்க்க மானம் பறிக்கப்பட்டதையும் எழுத வதைபட்டவரின் வாய்ச்சொல் மட்டுமே உண்டு. அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ளும் இடம், அவர் யார்மீது புகார் சொல்கிறாரோ அவருடைய துறைக்கு வெளியே இருக்கிறதா என்பதைத்தான் கொள்ளிடக் கரைப் பிராமணர் தம் கிழிந்த மனுவை வைத்துக் கேட்டார். 1859இன் சட்டம் தாசில்தாருக்கு எதிரான புகாரை வாங்க வேறொரு துறையை உருவாக்கியது. அந்தப் புதிய துறைக்கு எதிரான புகாரை வாங்குவதற்கு அப்படி ஒரு தனி இடத்தை அது உருவாக்கவில்லை.